நாற்பத்தொன்றுக்கு மூன்று பெட்டிகள்

பசையக்காவுக்கு அந்தப் பெயர் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், பசை டப்பாவைத் தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை ஸ்டூலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் சிரிப்பார்களே என்று எழவில்லை. எழவில்லை என்பதற்காகவே சிரித்தார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதில்லை.

வேலை இதுதான். காலின் வடிவத்தில் செய்த கட்டைமேல் ஷூவின் மேல்பாகத்தை இறுக்கி மாட்டியிருப்பார்கள். கம்பெனியில் அந்த மேல்பாகத்துக்கு ‘அப்பர்’ என்று பெயர். அதன் அடி ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, பக்கத்தில் சூட்டுப் பெட்டியைக் கவனிக்கிறவளிடம் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி. பசையின் வாடை பத்து மணிக்கு மூக்கில் ஏறும், பன்னிரண்டு மணிக்குத் தலையில் ஏறும், இரண்டு மணிக்குமேல் தெரியவே தெரியாது. நர்ஸ் படிப்பு இரண்டாம் வருடம் படிக்கும் மகள், “வாடை தெரியாமப் போறப்பதாம்மா பயப்படணும்” என்பாள். “பயந்தா கையி நடுங்கும்டி, பசை கோட்டைத் தாண்டிடும்” என்பது அம்மாவின் பதில்.

அப்பர்கள் இங்கே தைக்கப்படுவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாட்டில் தைக்கப்பட்டு, அட்டைப் பெட்டிகளில் கப்பலேறி வரும். தைக்கிற கூலி எங்கே குறைவோ அங்கே தைப்பு. ஒட்டுகிற கூலி எங்கே குறைவோ அங்கே ஒட்டு. விலை எங்கே அதிகமோ அங்கே விற்பனை. கம்பெனியின் முன்சுவரில் ‘உலகமே ஒரு குடும்பம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

மூத்த தொழிலாளி என்பதால் காலையில் முதல் ஒரு மணி நேரம் பெட்டிகளைப் பிரித்து அப்பர்களைச் சோதிப்பதும் பசையக்காவின் பொறுப்பு. தையல் விட்டிருந்தால், தோல் கிழிந்திருந்தால், சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைக்க வேண்டும். ஒவ்வொரு அப்பரிலும் லேஸுக்கு அடியில் வரும் நாக்கின் உள்பக்கம் தைத்தவரின் எண் வெள்ளிப் பேனாவால் எழுதியிருக்கும். எழுபது எண்பது எண்கள். அதில் நாற்பத்தொன்றை அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

தெரியும் என்றால், விரலால் தெரியும். குதிகால் பக்கம் தையல் வளைகிற இடத்தில் எல்லாரும் வேகத்தைக் கூட்டுவார்கள். துளைகள் தள்ளித் தள்ளி விழும். நாற்பத்தொன்று மட்டும் அங்கே நிதானிக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் மூன்று மாதம் அந்த எண் வரவேயில்லை. திரும்பி வந்தபோது முதல் சில நாட்கள் தையல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. “பிள்ளை பெத்துட்டு வந்திருக்கா” என்று பசையக்கா அறிவித்தாள்.

“ஆமா, நீதான் போய்ப் பிரசவம் பாத்தே” என்றாள் அடுப்பு. சூட்டுப் பெட்டியைக் கவனிக்கிறவளுக்கு அதுதான் பெயர். வாயும் அந்தச் சூட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். “கை ஒடிஞ்சு கெடந்த ஆம்பளையா இருந்தா என்ன பண்ணுவே?”

“ஆம்பளை வளைவுல நிதானிப்பானாடி?”

வீட்டிலும் இந்தக் கேலி உண்டு. புருஷன் மார்க்கெட் முனையில் சாவி போடுகிறவர். “உன் நாற்பத்தொண்ணுக்கு மீசை இருந்தா?” என்று கேட்பார். “மழிச்சுக்கச் சொல்லுவேன்” என்பாள். ஆறு வருடம் தினமும் தன் கைக்கு வந்து போகும் ஒரு கையை அவள் சொந்தக்காரி கணக்கில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். பல வீடுகளில் சொந்தக்காரர்களுக்கு இடையே இந்த அளவு தொடர்புகூட இருப்பதில்லை.

அந்த நாட்டில் வெள்ளம் வந்த செய்தியைக் கேண்டீன் டிவியில் பார்த்தார்கள். ஊர்ப் பெயர் திரையில் ஓடியபோது, முதலில் நிமிர்ந்தவள் பசையக்கா. பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் ஊர். அறிவிப்பாளர் ‘இயற்கையின் சீற்றம்’ என்றார். நாலு வருடமாக உடைந்து கிடந்த ஏரிக்கரையை யாரும் கட்டவில்லை என்பதை அதே அறிவிப்பாளர் அடுத்த வாக்கியத்தில் சொன்னார். தாழ்வான நிலத்தில் வாடகை குறைவு. ஆகவே தைக்கிறவர்களின் குடியிருப்பு முழுக்கத் தாழ்வான நிலத்தில்தான் இருந்தது. சீறிய இயற்கை மேட்டில் இருந்த ஒரு பங்களாவின் படியைக்கூட நனைக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் கேண்டீனில் நிற்கவைத்து ஐந்து நிமிடப் பிரார்த்தனை நடத்தினார். அந்த ஐந்து நிமிடமும் டீ இடைவேளையிலிருந்து எடுக்கப்பட்டது. கண் கலங்கத்தான் பேசினார். பேசி முடித்து, அந்தப் பக்கத் தைப்பகம் மேட்டில் இருப்பதால் வேலை நிற்காது, சரக்கு தாமதமின்றி வரும் என்ற நல்ல செய்தியையும் சொன்னார்.

“மேல இருக்கறவருக்கு மனு போட்டாச்சு” என்றாள் அடுப்பு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு. “எதிர்ல நிக்கறவரு ஏதாவது செய்வாரா கேளு.”

பசையக்கா கேட்டாள். அதற்கு முன் மூன்று நாள் நான்கு பிரிவுகளிலும் நடந்து, காசு வேண்டாம், பொருளாகக் கொடுங்கள் என்று சொல்லி, கொஞ்சம் சேர்த்திருந்தாள். என்ன வேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள்: தண்ணீர் சுத்தம் செய்யும் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, நாப்கின். பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அடிக்கோடு. அப்படியும் ஒருவர் கல்யாணக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். “தண்ணிக்குள்ள யாருக்குய்யா கல்யாணம்?” என்று அடுப்பு அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அந்தப் பக்கம் போற கண்டெய்னர்ல மூணு பெட்டிக்கு இடம் குடுங்க சார்” என்று மேனேஜரிடம் கேட்டாள் பசையக்கா. ஒவ்வொரு வியாழனும் நூலும் கொக்கியும் ஏற்றிக்கொண்டு ஒரு கண்டெய்னர் தைப்பகத்துக்குப் போகும்.

“கஸ்டம்ஸ் பிரச்சினைம்மா. பொருள் அனுப்புறது நம்ம வேலை இல்ல.”

“ஷூ பொருள் இல்லையா சார்?” என்று பின்னாலிருந்து அடுப்பின் குரல்.

மேனேஜர் காதில் விழாத முகத்தோடு போனை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பசையக்கா இரண்டு பஸ் மாறி நிவாரண மையத்துக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நாலு நாள் தூங்காதவள் போல இருந்தாள். பட்டியலைப் பொறுமையாகப் புரட்டினாள். “அந்தத் தொழிற்பேட்டை எங்க பட்டியல்ல இல்லக்கா. எங்க தொழிலாளர்களை நாங்களே பாத்துக்கறோம்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. நெட்டுல அவங்க பக்கத்துல படமும் போட்டிருக்காங்க. கவனிக்க ஆள் இல்லாத இடத்துக்கு நாங்க முதல்ல போகணும் இல்லையா?” அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. பசையக்கா பையோடு திரும்பி வந்தாள்.

அந்தப் படத்தை மகளின் போனில் பார்த்தார்கள். தைப்பகத்தின் மாடிப்படி. மடக்குக் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருபது முப்பது பெண்கள் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, ‘எங்கள் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது’.

“நல்லாத்தானே இருக்காங்க” என்றாள் பசையக்கா. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எது நாற்பத்தொன்று என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

சாவிக்காரர் முகங்களைப் பார்க்கவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். “பூட்டு எந்தப் பக்கம் தொங்குது பாரு.”

“எந்தப் பக்கம்?”

“நம்ம பக்கம். போட்டோ எடுத்தவன் பக்கம். திருடன் வருவான்னு பூட்டுறவன் உள்ளேயிருந்து பூட்டுவான். இது உள்ள இருக்கறவங்க வெளிய போகாம இருக்கப் போட்டது. பூட்டும் புதுசு. முதுகுல ஸ்டிக்கரைக்கூட உரிக்கல.”

முப்பது வருடம் பூட்டோடு வாழ்ந்த மனுஷன்.

அதற்குப் பிறகு வந்த பெட்டிகளைப் பசையக்கா வேறு கண்ணோடு பிரித்தாள். சரக்கு குறையவில்லை, கூடியிருந்தது. வீட்டுக்குப் போகாதவர்கள் அதிகம் தைப்பார்கள் அல்லவா? அட்டை நமுத்திருந்தது, தோலில் சேற்று வாடை. நாற்பத்தொன்றின் வளைவில் முதல்முறையாகத் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. தூக்கமில்லாத கை. அல்லது காய்ச்சல். “என்ன தண்ணிடி குடிக்கறாங்க அங்க?” என்று அடுப்பிடம் கேட்டாள்.

யோசனை பசையக்காவுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட அவள் பின்னாலும் சம்மதிக்கவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அப்பர்கள் அதே வியாழக்கிழமைக் கண்டெய்னரில் திரும்பிப் போகும். யார் தைத்தாரோ அவரேதான் பிரித்துத் திருத்த வேண்டும் என்பது விதி. அதனால் திரும்பும் பெட்டியின் மேல் தைத்தவரின் எண்ணை எழுதி, நேராக அவர் மேஜைக்கே அனுப்புவார்கள். இடையில் யாரும் பிரிப்பதில்லை.

“அவ கையாலதாண்டி பிரிப்பா” என்றாள் பசையக்கா. “முப்பத்தாறு ஜோடிக்குச் சிவப்பு ஒட்டினா மூணு பெட்டி. பெட்டிக்குப் பன்னெண்டு ஜோடி, மிச்ச இடமெல்லாம் நம்ம பொருள்.”

“நல்ல தையலுக்கு எப்படி ஒட்டுவே? கை வருமா உனக்கு?”

“வரலதான். அவ ஒரு நாள் பிரிச்சுத் தைக்கற மாதிரி நடிச்சான்னா முடிஞ்சுது. எழுபது பேருக்கு மாத்திரை.”

ஒரு வாரம் காலை நேரத்தில் நாற்பத்தொன்றின் அப்பர்களை மட்டும் தேடித் தேடிச் சிவப்பு ஒட்டினாள். குறைகளைப் பதிவு செய்கிறவர் கண்ணாடி. கண்ணுக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, “என்னக்கா, உங்க ஆளு கெட்டுப்போயிட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஈரத்துல தைச்சா அப்படித்தான் தம்பி.”

அவர் தட்டினார். முப்பத்தாறு.

பெட்டிகளைப் புதன்கிழமை மதிய இடைவேளையில் அடைத்தார்கள். மகள் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தாள்: ஒரு பானை, ஒரு மாத்திரை, அரை மணி காட்டும் கடிகாரம், அப்புறம் குடிக்கும் ஒரு பெண். மொழி தெரியாவிட்டால் என்ன, தாகம் தெரியும். அதைப் பார்த்த அடுப்பு, “குடிக்கறவளுக்குக் கழுத்தே இல்லையே, எப்படி இறங்கும்?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தக் கதையில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி. வியாழன் அன்று கண்டெய்னர் கிளம்பியது. கப்பலில் ஐந்து நாள்.

தன் பசைத் தடவலில் ஒரு ஜோடி குறை வந்தால் பசையக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வரும். மூன்று எச்சரிக்கைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணெதிரே நாலு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். இங்கே ஒட்டும் சிவப்பு வட்டம் கடலுக்கு அந்தப் பக்கம் என்னவாக மாறும் என்று அவள் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவளை நசுக்கும் அதே அளவுகோல் அங்கேயும் இருக்கும் என்று தோன்றவில்லை. இரக்கம் அவள் கண்ணை மறைத்தது என்று சொல்வது சுலபம். ஆளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்து, ஒரு எண்ணுக்கு நடப்பது இன்னொரு எண்ணுக்குத் தெரியாதபடி கடலை நடுவில் வைத்திருப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாரம் நாற்பத்தொன்று வந்தது. பெட்டி போய்ச் சேருவதற்கு முன்னால் தைத்தவை. மூன்றாவது வாரம் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும், மாத்திரைதான் போயிருக்கிறதே, எழுந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டாள். இதற்கு நடுவே டிவியில், கரை இன்னொரு இடத்திலும் உடைந்து தண்ணீர் இரண்டாம் முறை ஏறிவிட்டது என்றார்கள். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பிரித்த முதல் பெட்டியிலேயே வெள்ளிப் பேனாவில் 41.

“ஏய் அடுப்பு, வந்துட்டாடி!” என்று கத்தினாள். நாலு மேஜை திரும்பிப் பார்த்தது.

கத்திய வாயோடு விரலை வளைவில் ஓட்டினாள். துளைகள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. வேகமான, சின்ன வயசுக் கை. அடுத்த அப்பர், அதற்கடுத்தது, பெட்டி முழுக்க அதே கை. அவள் அந்தப் பெட்டியை மூடாமலே எழுந்து கண்ணாடியின் அறைக்குப் போனாள்.

“தம்பி, நாற்பத்தொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க.”

கண்ணாடி நெற்றியில் இருந்ததைக் கண்ணுக்கு இறக்கிப் படித்தார். “அந்த மாசம் நாற்பத்தொண்ணோட குறை நூத்துக்குப் பன்னெண்டுன்னு போட்டிருக்குக்கா. மூணுதான் அனுமதி. ‘மாற்றப்பட்டது’ன்னு எழுதியிருக்கு.”

“வேற மேஜைக்கா?”

“இல்லக்கா. ஆளை.”

“பெட்டியில இருந்த பொருளு?”

“அதுக்குக் கீழ இருக்கு. ‘வேற்றுப் பொருள்கள் கண்டெடுக்கப்பட்டு அழிக்கப்பட்டன’.”

“வேலையில இருக்கறவங்களத்தானே அந்த மாடியில வெச்சிருக்காங்க? வேலை போனா?”

கண்ணாடி திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார்.

“வீடு தண்ணிக்குள்ள. மாடியிலேருந்து இறக்கி விட்டா அவ எங்க தம்பி போவா?”

“இந்த ஷீட்டுல அதுக்குக் கட்டம் இல்லக்கா” என்றார் கண்ணாடி. அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கட்டம் கட்டமாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பத்து மணிக்குப் பசையக்கா மேனேஜர் முன்னால் நின்றாள். கையில் பிரஷ் இருந்தது. கீழே வைக்க மறந்திருந்தாள். முப்பத்தாறு ஸ்டிக்கரும் பொய், நான்தான் ஒட்டினேன், தையலில் ஒரு குறையும் இல்லை, அந்தப் பெண்ணைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதுங்கள் என்றாள். பேச்சு நேராகத்தான் வந்தது. கடைசியில் மட்டும், “இன்னிக்கே எழுதுங்க சார், தண்ணி ஏறிட்டே இருக்கு” என்னும்போது குரல் உடைந்தது.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். “முப்பத்தாறு ஜோடிக்கும் அந்தப் பக்கத் தைப்பகத்துக்கிட்ட அபராதம் பிடிச்சாச்சு. பொய்னு நானே எழுதினா கம்பெனி பேரு என்ன ஆகும்? நீ சொன்னது எனக்குக் கேக்கல. போய் வேலையப் பாரு.”

“கேக்கலைன்னா திரும்பச் சொல்றேன் சார்.”

“திரும்பச் சொன்னா உன் வேலை போகும்.”

அவள் திரும்பச் சொன்னாள். இன்னும் சத்தமாக, கதவுக்கு வெளியே கேட்கும்படி.

அது மட்டும் போதாதென்று ஒரு தாளில் எழுதி, சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும் தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, கண்ணாடியின் மேஜைமேல் வைத்தாள். கண்ணாடி அந்தத் தாளை அன்று முழுக்க ஒரு ஃபைலுக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. மறுநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதைத் திருத்தம் என்று தலைப்புப் போட்டு அந்தப் பக்கத் தைப்பகத்துக்கு அனுப்பினார். பயந்த மனுஷன் செய்த காரியம் அது. பயமில்லாதவர்கள் செய்யும் பல காரியங்களைவிடப் பெரியது.

இரண்டு நாளில் பதில் வந்தது. கண்ணாடி அதைக் கேட் வாசலுக்கு வந்து படித்துக் காட்டினார், ஏனென்றால் அதற்குள் பசையக்காவை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். ‘தங்கள் திருத்தம் பதிவு செய்யப்பட்டது. எண் 41 தற்போது பணியில் இருக்கிறார். அவரது குறை விகிதம் இயல்பான அளவில் உள்ளது. நன்றி.’

“அது வேற ஆளு தம்பி! அவ பேரு என்னன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘பணியாளர் விவரம் வெளியிட இயலாது’ன்னு இன்னொரு வரி இருக்கு.” தாளை மடித்துக் கொடுத்தார். “என்னைய கோடவுனுக்கு மாத்திட்டாங்கக்கா. இனிமே ஷீட்டு பாக்க முடியாது.”

பழி துடைக்கப்பட்டது, ஆனால் துடைத்த இடத்தில் ஆளே இல்லை. எண்ணுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அந்த எண் இப்போது வேறொரு சிறு பெண்ணின் முதுகில் ஏறியிருந்தது.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. சமையலறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சாவிக்காரர் எதிரே குந்தினார். பல வருடத்தில் அவர் அவளைக் கேலி செய்யாமல் பேசியது அன்றுதான்.

“பூட்டைக் காட்டினவன் நாந்தானே. என்னையத் திட்டு.”

“பூட்டியாவது வெச்சிருந்தாங்க. காஞ்ச தரையில வெச்சிருந்தாங்க. நான் வெளிய தள்ளிட்டேங்க.”

“தள்ளினது அவனுங்க.”

“ஸ்டிக்கர் யாரு ஒட்டினா? சொல்லுங்க, யாரு ஒட்டினா?”

மகள் வாசற்படியில் நின்று அழுதாள். “அந்தப் படம் வரைஞ்சு குடுத்தேனேம்மா” என்றாள். ஆளுக்கு ஆள் குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சின்னச் சமையலறையில், பிரார்த்தனை நடத்தியவரோ, பூட்டு வாங்கிப் போட்டவரோ, கரையைக் கட்டாமல் விட்டவரோ ஒருவரும் இல்லை. அவர்கள் எங்கோ நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பாவம் செய்தவர்களை மேலிருந்து ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்று நம்புகிறவர்கள், அந்தச் சமையலறைக்கு வந்து சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் பசையக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு நிவாரண மையத்துக்குப் போனாள். அதே பெண். பூட்டுப் படத்தையும் அந்தப் பதில் தாளையும் மேஜைமேல் வைத்து, விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் சொன்னாள், தன் ஸ்டிக்கர் உட்பட. அந்தப் பெண் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள்.

“ஒரு ஆள் சொன்னாங்கன்னு மேல அனுப்பினா, கம்பெனி கடிதத்தைக் காட்டி மூடிடுவாங்கக்கா. இந்தப் பக்கம் அதே கம்பெனியில வேலை செய்யறவங்க நூறு பேராவது கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அங்க இருக்கற நம்ம ஆளுங்களப் படகோட அந்தக் குடியிருப்புக்கு அனுப்பச் சொல்லி நான் நிக்கறேன். வெள்ளத்துக்கு அப்புறம் நீக்கினவங்க பேரையும் கேட்போம்.”

“அவ கிடைப்பாளா?”

“கிடைப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாதுக்கா.”

மகள் தாள்களை எழுதிக் கொடுத்தாள். ஷிப்டு முடியும் நேரம் பார்த்துப் பசையக்கா கேட்டுக்கு எதிரே நின்றாள். வாட்ச்மேன் அவளைச் சாலையின் மறுபக்கத்துக்குத் துரத்தினார். அங்கிருந்து பஸ் நிறுத்தம் பக்கம் என்பதால் அதுவும் வசதியாகத்தான் இருந்தது. முதல் நாள் ஏழு கையெழுத்து. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள், கையெழுத்துப் போட்டால் வேலை இல்லை என்று கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று ஒன்றுகூட இல்லை. கல்யாணக் கோட்டுக்காரர் நாலாம் நாள் வந்து போட்டார். பதினொன்று. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவள் யாரையும் பின்னால் கூப்பிட்டுத் திட்டவில்லை. அவர்களில் யாருக்கு என்ன கடன், எந்த வீட்டில் எத்தனை வாய் என்று அவளுக்குத் தெரியும்.

அடுப்பு நாலு நாளும் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் முன்வாசலில் வந்தாள். சாலையைத் தாண்டி நேரே வந்து நின்றாள்.

“இளைச்சுட்டடி.”

“பசை வாடை இல்லல்ல, அதான்.”

“போட்டா என் வேலை போயிடும்.”

“போயிடும்.”

“போகாதுன்னு பொய்யாவது சொல்லேன். நிம்மதியாப் போடுவேன்ல.”

“ஒரு தடவை பொய் ஒட்டினது போதும்டி.”

அடுப்பு பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். பஸ் வருகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் படுத்த படுக்கையாக ஒரு அண்ணன் உண்டு. மருந்து அவள் சம்பளத்தில்தான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“காலித் தாளு ஒண்ணு குடு.”

“எதுக்கு?”

“இங்க ரோட்டுல நின்னா எவ போடுவா? உள்ள, பொம்பளைங்க டாய்லெட்டுல வெச்சு வாங்கிப் பாக்கறேன். ஒரு அம்பது சேர்ந்தா நானும் போடுவேன். சேரலைன்னா, என் மூஞ்சியப் பாக்காதே.”

தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அடுப்பு பஸ்ஸில் ஏறினாள். பஸ் போய்விட்டது. தாள் திரும்பி வருமா, வந்தால் எத்தனை பெயரோடு வரும், அதற்குள் அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று எதுவும் பசையக்காவுக்குத் தெரியாது. எதிரே கேட் மறுபடி திறந்தது. பேக்கிங் பிரிவு வெளியே வந்தது, நாற்பது பேர் இருக்கும். அவள் கையில் மிச்சம் இருந்த தாளை அட்டையில் சரியாக வைத்து, முன்னால் வந்தவளின் வழியை மறித்தாள்.

“ஒரு நிமிஷம்மா. ஒரே ஒரு நிமிஷம்.”